இடது பின் சக்கரம்

ஓசூரில் கம்பெனிச் சங்குக்கு எழுந்து, கம்பெனிச் சங்குக்குச் சாப்பிட்டு வளர்ந்த என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். பிள்ளைகளிடம் சொன்னால் "அதுக்கு இப்ப என்னம்மா?" என்பார்கள். ஷிப்ட் முடித்துவிட்டு அப்பா தூங்கும்போது வீட்டில் தும்மக்கூடக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நான் சொல்லப்போவது ஒரு காலாண்டு விடுமுறையைப் பற்றி. மொத்தம் பத்து நாள். அதில் ஒன்பது நாள் பயந்துகொண்டே இருந்தேன். எதற்குப் பயந்தேன் என்று அன்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு ஒன்றரை. தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள் வரிசையாக இருந்த லைன் வீட்டில் குடியிருந்தோம். கடைசி வீட்டில் திருநெல்வேலி மாமா. சொந்த மாமா இல்லை. அப்பா வேலை பார்த்த கம்பெனிக்கு எதிர்க் கம்பெனியில் பிட்டர். கல்யாணம் ஆகாதவர், அதனால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்கள் வீட்டில். அப்பாவுக்கும் அவருக்கும் ஒரே பைத்தியம், கார். எல்லோரும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த காலத்தில், தொரப்பள்ளிப் பக்கம் ஒரு பண்ணைக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் வருடக்கணக்காகக் கோழி அடைந்து கிடந்த ஒரு பழைய காரை டிராக்டரில் கட்டி இழுத்து வந்துவிட்டார்கள். பின் சீட்டைத் தூக்கினால் முட்டை ஓடு. கதவைச் சாத்தினால் எங்கிருந்தோ ஒரு இறகு பறந்து வரும். எத்தனை முறை கழுவியும் அந்த இறகு தீரவில்லை. "கோழிக்கூண்டுக்கு நாலு சக்கரம் மாட்டி இட்டாந்துட்டாங்க" என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

அப்பாவின் ஊர் அஞ்செட்டியைத் தாண்டி, நாட்றாம்பாளையம் போகிற வழியில் இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ் நாளைக்கு ஒன்றோ இரண்டோ. தவறவிட்டால் நடைதான். காலில் செருப்பில்லாமல் கிளம்பி வந்த ஊருக்குச் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும். இதுதான் அவருடைய ஆசை. ஆயுத பூஜை முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று நாளும் குறித்துவிட்டார். மாமாவும் வருவார். ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பியாகிவிட்டது.

இரண்டு பேருக்கும் எப்போதும் எதிரெதிர் ஷிப்ட். அப்பா இரண்டாம் ஷிப்டில் இருந்தால் காலை முழுவதும் காருக்கு அடியில் கிடப்பார், ஒரு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் போவார். மாமா முதல் ஷிப்ட் முடித்து மூன்று மணிக்குச் சைக்கிளில் வந்து, அப்பா விட்ட இடத்தில் தொடங்குவார். பேசிக்கொள்ள நேரமே இருக்காது. அதனால் தகரக் கொட்டகைக்குள் ஒரு ப்ளைவுட் பலகைக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து மாட்டியிருந்தார்கள். கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது எழுதி வைப்பதைப் போல இங்கேயும் எழுத வேண்டும். செய்து முடித்ததை எழுத வேண்டாம், பாக்கியை மட்டும் எழுதினால் போதும். பலகை சுத்தமாக இருந்தால் பாக்கி ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

பலகையை நாங்கள் யாரும் தொடக்கூடாது. ஒருமுறை அதன் மூலையில் நான் ஒரு ரோஜாப்பூ வரைந்துவிட்டேன். ஆணியில் தொங்கிய பழைய பேன் பெல்ட்டை எடுத்து அப்பா ஒரே ஒரு அடி போட்டார். கெண்டைக்காலில் அதன் தடம் நாலு நாள் இருந்தது. அடித்தவரே பிறகு தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஆணிப் பக்கம் நான் அதன்பிறகு போவதில்லை.

விடுமுறையின் இரண்டாம் நாள் பிரேக் வேலை. நாலு சக்கரத்தின் பிரேக்குக்கும் புது ரப்பர் போட்டாகிவிட்டது. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். இதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது. ஒருவர் உள்ளே பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கீழே படுத்துச் சக்கரத்தின் பின்னாலிருக்கும் திருகைத் திறந்து மூட வேண்டும். மாமா வரும்வரை பொறுக்க அப்பாவால் முடியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டார். "அந்த நாத்தத்துல நான் ஏற மாட்டன்" என்றுவிட்டாள். என்னைக் கூப்பிட்டார்.

சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இறங்கி, இரண்டு காலாலும் பெடல்மேல் ஏறி நின்றேன். அங்கே இருட்டு. கோழி நாற்றத்தோடு பிரேக் ஆயிலின் தித்திப்பான நெடி. சக்கரங்களைக் கழற்றிய கார் கருங்கல்மேல் நின்றது, அதற்கடியில் அப்பா. நான் அசைந்தால் கார் அவர்மேல் இறங்கிவிடும் என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

"மிதி. புடி. புடிச்சிக்கினே இரு. ம், விடு."

மூன்றாவது சக்கரத்தின்போது கேட்டேன். "காத்து உள்ளயே இருந்தா என்னாப்பா ஆவும்?"

"நீ மிதிக்கிறது காத்த அமுக்கறதுக்கே சரியாப் போயிடும். சக்கரத்துக்குப் போயிச் சேராது. ஊருக்குள்ள ஓட்டும்போது தெரியாது. மலையில எறங்கும்போது தெரியும்."

"தெரிஞ்சா?"

"அப்பறம் சாமிதான் புடிக்கணும்."

மூன்றாவது சக்கரம் முடிந்தபோது தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அப்பா அடியிலிருந்து உருண்டு எழுந்தார். முழங்கைவரை ஆயில். "பாப்பா, பலகையில எழுதிடு. இடது பின் சக்கரம் காத்து எடுக்கல. பெருசா எழுது." எழுதினேன். சட்டையை மாட்டிக்கொண்டே வந்து பார்த்தார், தலையாட்டினார், ஓடிப்போய்ப் பஸ்ஸில் ஏறினார். நான் எழுதியதை அவர் கண்ணால் பார்த்தார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதியோடு அந்தப் பலகையில் எழுதியது அதுவே முதல் தடவை. கை ருசி கண்டுவிட்டது. அம்மா துணி துவைக்கப் போயிருந்தாள். தம்பியை ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்காரவைத்து டீச்சர் விளையாட ஆரம்பித்தேன். அப்பாவின் வரிக்குக் கீழே அ எழுதினேன், ஆ எழுதினேன். இ எழுத இடமில்லை. மேலே கொஞ்சம் அழித்தேன். அப்புறம் மறுபடி எழுதிவிடலாம் என்றுதான் அழித்தேன், சத்தியமாக. பிறகு தம்பி அழுதான், யானை வரைந்து காட்டினேன். யானைக்கு நிறைய இடம் வேண்டியிருந்தது.

மூன்று மணிக்கு மாமாவின் சைக்கிள் மணி கேட்டது. அந்த நொடியில் எனக்குச் சக்கரம் நினைவுக்கு வரவில்லை. பேன் பெல்ட்தான் வந்தது. வாளியில் கிடந்த ஈரத் துணியை எடுத்துப் பலகை முழுவதையும் பளிச்சென்று துடைத்துவிட்டேன்.

மாமா உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏ தாயி, ஒண்ணுமே பாக்கி இல்லயே! உங்கப்பன் நாலையும் முடிச்சிட்டானா? பெரிய ஆளுதாம்ட்டி அவன்."

துணியை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தேன். தண்ணீர் பாவாடையில் சொட்டிக் கால்வழியே இறங்கியது. அவர் அதைப் பார்த்தார், பிள்ளை ஏதோ தண்ணீரில் விளையாடுகிறது என்று சிரித்தார். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. அவர் சக்கரங்களை மாட்டி, ஒவ்வொரு நட்டாக முடுக்கினார். இந்த நட்டை முடுக்கியதும் சொல்லிவிடலாம், அடுத்த நட்டுக்குச் சொல்லிவிடலாம் என்று நின்றேன். கடைசியில் கல்லை எடுத்துவிட்டு வண்டியைத் தரையில் இறக்கிவிட்டார்.

மறுநாள் காலையில் அப்பா கொட்டகைக்குப் போனார். சக்கரம் மாட்டியிருக்கிறது, பலகை சுத்தமாக இருக்கிறது. மாமா யாரையாவது மிதிக்கவைத்துப் பாக்கியை முடித்துவிட்டுப் பலகையைத் துடைத்துவிட்டார் என்று அவர் நினைத்துக்கொண்டார். அப்பா முடித்துவிட்டார் என்று மாமா நினைத்துக்கொண்டார். இருவருக்கும் நடுவில் நான் ஒருத்தி மட்டும் உண்மை தெரிந்து நின்றேன்.

அடுத்த இரண்டு நாளில் ஒருமுறை மறுபடி எழுதிவிடப் பார்த்தேன். விடிகாலை, பனி விலகாத நேரம். சாக்பீஸை எடுத்து 'இட' என்று எழுதியிருப்பேன், வீட்டுக்குள் அப்பா இருமினார். உள்ளங்கையால் அழித்துவிட்டு ஓடிவந்து போர்வைக்குள் புகுந்துகொண்டேன். கையெல்லாம் சாக்பீஸ் தூள், பாயெல்லாம் சாக்பீஸ் தூள். அதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று விடியும்வரை நக்கி நக்கித் துடைத்தேன். அந்தச் சுண்ணாம்புச் சுவை இன்றைக்கும் பல்லில் இருக்கிறது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அது உடம்பில் இறங்கியது. சாப்பாடு இறங்கவில்லை. பாயை நனைத்தேன், ஒன்பது வயதில். காய்ச்சல் வந்தது. கண்ணை மூடினால் கார் மலையில் உருளும், தம்பி ஜன்னல் வழியே வெளியே போவான். அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "எங்கியோ பயந்துகினு வந்திருக்குது" என்று முடிவு கட்டினாள். பாதி சரி. சாயங்காலம் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போனாள். தொழுகை முடிந்து வெளியே வரும் பெரியவர்கள், வாசலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளுக்கு ஓதி ஊதிவிடுவார்கள். நம்மில் யார்தான் அந்த வரிசையில் நின்றதில்லை?

வெள்ளைத் தொப்பிப் பெரியவர் ஒருவர் என்முன் குனிந்து, "என்னாத்தப் பாத்தும்மா பயந்த?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன். "நாயிங்க அது. தெருநாயி ஒண்ணு தொரத்திடுச்சு" என்று அம்மா சொல்லிவிட்டாள். அவர் நெற்றியில் ஊதினார். மூன்று நாள் தொடர்ந்து வரச் சொன்னார். மூன்று நாளும் நாய்க்குத்தான் ஊதினார்கள்.

ஆயுத பூஜை அன்று காருக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. இருவருக்கும் விடுமுறை, அதனால் முதல்முறையாகச் சேர்ந்து தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார்கள். திரும்பி வந்ததும் அப்பா சொன்னார், "பிரேக்கு ரெண்டு மிதி கேக்குதுய்யா. மொத மிதியில புடிக்கல."

இப்போது கண்டுபிடித்துவிடுவார்கள். அடி விழுந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. மாமா பானெட்டைத் தட்டிச் சிரித்தார்.

"கெழவன்லா வே! ரெண்டு தடவ கூப்புட்டாத்தான் காதுல விழும்."

அப்பாவும் சிரித்தார். பழைய வண்டிக்காரர்களின் வியாதி இது. கார்க்காரர் வீட்டில் வாக்கப்பட்டவர்கள் இருந்தால் புரிந்திருக்கும். கதவு இப்படித் தூக்கினால்தான் சாத்தும், ஹாரன் இடது பக்கம் திரும்பும்போது அடிக்காது என்று ஒவ்வொரு கோளாறையும் குழந்தையின் குறும்பைச் சொல்வதுபோல் பெருமையாகச் சொல்வார்கள். ரெண்டு மிதியும் அப்படியொரு குறும்பாகிவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா அதைச் சொன்னார்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்தினார்கள். மூன்று நசுங்கியது. இடது பின் சக்கரத்துப் பழம் மட்டும் நசுங்காமல் வழுக்கிச் சாக்கடையில் விழுந்தது. அம்மா முகம் மாறிவிட்டது. "ஏங்க, இன்னொரு வாரம் கழிச்சுப் போலாமே" என்றாள்.

"எலுமிச்சம்பழம் உருண்டா பிரேக்கு புடிக்காதா? சும்மா இரு."

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். முன்னால் அப்பாவும் மாமாவும். பின்னால் அம்மா, மடியில் தம்பி, பொங்கல் பானை, நான். வயிறு வலிக்கிறது, நான் வரவில்லை என்று அழுதேன். பழக்கமில்லாத பிள்ளை, காரைப் பார்த்து மிரளுகிறது என்று அப்பா என்னைத் தூக்கி உள்ளே போட்டார். நான் இறங்கி நின்று சொல்லியிருக்கலாம். நான் இருந்தால்தான் எல்லோரையும் காப்பாற்ற முடியும் என்று ஒரு எண்ணம், சொன்னால் அப்பா கொன்றுவிடுவார் என்று இன்னொரு எண்ணம். இருதலைக் கொள்ளி எறும்பாகப் போனேன். தேன்கனிக்கோட்டை வரைக்கும் முன் சீட்டின் இடுக்கு வழியாக அப்பாவின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு மிதி. நின்றது. ரெண்டு மிதி. நின்றது.

தேன்கனிக்கோட்டை தாண்டிக் காடு வந்தது. அஞ்செட்டிக்கு இறங்கும் பாதை. மூங்கில், வளைவு, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. மாமா ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது வளைவில் அப்பாவின் கால் மூன்று முறை ஏறி இறங்கியது. அடுத்த வளைவில் ஐந்து முறை. கருகிய நாற்றம் வந்தது. மாமா பேச்சை நிறுத்தினார்.

"என்ன வே?"

"கால் எறங்குதுய்யா. தரைக்குப் போவுது."

மாமா கை பிரேக்கை இழுத்தார். அப்பா கியரைக் குறைத்தார், இன்ஜின் அலறியது. கீழேயிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. அம்மா தம்பியை வயிற்றோடு அழுத்தி மடங்கிக்கொண்டாள். அப்போதாவது நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. கத்துவதற்கும் பயம். அப்பா ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தார். வண்டி ஓடைக்குள் இறங்கி, மண் மேட்டில் மோதி, சாய்ந்து நின்றது. பஸ் எங்களை உரசிக்கொண்டு மேலே போய் நின்றது.

தம்பிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அம்மாவுக்கு முன்பல் ஒன்று போய்விட்டது. மாமாவின் இடது மணிக்கட்டு உடைந்து தொங்கியது. பிட்டரின் கை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து பார்த்துவிட்டு, "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு சாமி" என்று கும்பிட்டார்.

அப்பா பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்து ஒவ்வொரு சக்கரமாகத் திருகைத் திறந்தார். மாமா உடைந்த கையோடு உள்ளே ஏறிப் பெடலை மிதித்தார். மூன்று சக்கரத்தில் ஆயில் வந்தது. நாலாவதில் புஸ் என்று காற்றுதான் வந்தது.

"நீ காத்து எடுக்கலயா?" அப்பாவின் குரல் அடியிலிருந்து வந்தது.

"நீதான் நாலையும் எடுத்திட்டேன்னு நெனச்சேன். பலகையில ஒண்ணும் இல்லயே வே."

அப்பா வெளியே வந்தார். "இல்லயா? பாப்பா எழுதினத நானே பாத்துட்டுத்தான்யா பஸ் ஏறினன்!"

"சத்தியமாச் சொல்லுதேன், ஒரு எழுத்துகூட இல்ல. அப்படியே தொடச்சு வெச்ச மாதிரி..."

மாமா நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைப் பார்த்தார். அவர் கையில் ஸ்பேனர் இருந்தது, முகம் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை.

"சொல்லு பாப்பா. நீ எழுதினயா இல்லயா?"

"எழுதினன்."

பொய் இல்லை பாருங்கள். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மாமா என் முகத்தையே பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ. பிறகு அப்பாவின் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். உடைந்த கையைத் துண்டால் ஏந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"இருந்திருக்கும் வே. நாந்தான் பாக்காம விட்டுட்டேன்."

அம்மா அவர்முன் போய் நின்றாள். வாயெல்லாம் ரத்தம். "ஒரு வரி படிச்சிப் பாக்க முடியலயாண்ணா உங்களுக்கு? என் ரெண்டு புள்ளைங்களும் போயிருக்குமே!"

"ஆமா மைனி. தப்புதான்."

அவ்வளவுதான் பேசினார். மேலே நின்ற பஸ்ஸில் ஏறித் தனியாக ஓசூருக்குத் திரும்பிப் போனார். அப்பா அவரோடு அதற்குப்பின் ஒரு வார்த்தை பேசவில்லை. கவனம் கெட்டவன், அவனை நம்பிக் குடும்பத்தையே ஏற்றினேன் என்று லைன் வீடு முழுக்கச் சொன்னார். எதிர்க் கம்பெனிக்கும் பேச்சுப் போய்ச் சேர்ந்தது. மணிக்கட்டும் சரியாகக் கூடவில்லை. தைப் பொங்கலுக்குமுன் மாமா வீட்டைக் காலி செய்தார். சொல்லிக்கொண்டு போக எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பா கதவைத் திறக்கவில்லை. நான் ஜன்னலில் நின்றேன். அவர் என்னைப் பார்த்து நல்ல கையைத் தூக்கி, "வாரேன் தாயி" என்றார். நான் படக்கென்று ஜன்னலைச் சாத்திவிட்டேன். போகிற நேரத்தில் சொல்லிவிடுவாரோ என்று பயம். தன் பேரைக் கெடுத்துக்கொண்டு என்னைக் காப்பாற்றியவரைப் பார்த்து எனக்கு வந்தது அந்தப் பயம்தான். வெட்கமாக இருக்கிறது.

அப்பா காலமாகிப் பல வருடம் ஆகிறது. தம்பி ஓசூரிலேயே வீடு கட்டியிருக்கிறான். அவனுக்கும் அதே பைத்தியம். போர்ட்டிகோவில் ஒரு பழைய காரைப் பிரித்துப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு உருட்டிக்கொண்டிருக்கிறான். போன மாதம் போயிருந்தேன். புதிதாக ஒரு பையன் காருக்கு அடியிலிருந்து வந்து, அம்மாவிடம் தண்ணீர் கேட்டான். பேச்சிலேயே ஊர் தெரிந்தது, திருநெல்வேலி. நல்ல கலகலப்பான பையன்.

அம்மா தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அவன் காதுபடவே தம்பியிடம் சொன்னாள். "பிரேக்கு வேலய மட்டும் அந்த ஊர்க்காரங்ககிட்ட உடாத. ஒருத்தர் எழுதி வெச்சதப் படிக்காம நம்ம எல்லாரையும் சாவக் குடுத்திருப்பாரு. நீ கைக்கொழந்த, உனக்குத் தெரியாது. உங்கக்காவக் கேளு, அவதான் பலகையில எழுதினா."

தம்பி சங்கடமாகச் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அந்தப் பையனும் என்னைப் பார்த்தான். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இனி என்னை அடிக்க யாரும் இல்லை.

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தப் பையன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டான்.